வீட்டு இன்டர்நெட், டிவி செலவைப் பாதியாகக் குறைப்பது எப்படி: பில்லைப் பிரிப்பதிலிருந்து பழைய இணைப்பை மூடுவது வரை

எங்கள் வீட்டில் ஐந்து பேர். அப்பா, அம்மா, நாங்கள் இருவர், பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள். திருச்சியில் வாடகை வீடு. சென்ற ஆண்டு வரை டிவிக்கும் இன்டர்நெட்டுக்கும் சேர்த்து மாதம் 2,237 ரூபாய் போய்க்கொண்டிருந்தது. இன்று அதே வீட்டில், அதே ஐந்து பேருக்கு 1,014 ரூபாய்தான் ஆகிறது. வருடத்துக்குப் பதினாலாயிரத்துக்கு மேல் மிச்சம். மகளின் டியூஷன் கட்டணத்தில் பாதிக்கு அது போதும்.

இந்த நிலைக்கு வர எனக்கு நான்கு மாதம் ஆயிற்று. எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது என்று தெரியாததால் நடுவில் அபராதம் கட்டினேன், டெபாசிட்டுக்காக அலைந்தேன். வரிசை தெரிந்திருந்தால் மூன்று நான்கு வாரத்தில் முடிந்திருக்கும். அந்த வரிசையைத்தான் கீழே எழுதுகிறேன். தொகைகள் எங்கள் வீட்டுக் கணக்கு. உங்கள் ஊரில் பிளான் விலை வேறாக இருக்கலாம், ஆனால் கணக்குப் போடும் முறை ஒன்றுதான்.

1. மூன்று மாத பேங்க் ஸ்டேட்மென்ட்டை எடுங்கள்

பில்லைப் பார்த்துத் தொடங்காதீர்கள். பில் வராமலே போகும் பணம் நிறைய உண்டு. வங்கி ஆப்பில் மூன்று மாத ஸ்டேட்மென்ட்டை இறக்கி, கேபிள், பிராட்பேண்ட், ஓடிடி என்று வரும் ஒவ்வொரு வரியையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். வீட்டில் எத்தனை பேருக்கு யுபிஐ இருக்கிறதோ அத்தனை பேர் கணக்கையும் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் நான் ஒரு ஓடிடிக்குக் கட்டிக்கொண்டிருந்தேன். அதே ஓடிடி மனைவியின் மொபைல் ரீசார்ஜிலும் இலவசமாக வந்துகொண்டிருந்தது. ஏழு மாதம் இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

எங்கள் நோட்டில் இருந்தது இதுதான்:

ஹால் டிவி கேபிள்: 320
படுக்கையறை டிவி கேபிள்: 240
100 எம்பிபிஎஸ் பிராட்பேண்ட், 999 பிளான், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து: 1,178.82
அமேசான் பிரைம், மாதச் சந்தா: 299
நெட்ஃபிளிக்ஸ்: 199

அடுத்து யுபிஐ ஆப்பில் 'ஆட்டோபே' அல்லது 'மேண்டேட்' என்று ஒரு பகுதி இருக்கும். அதைத் திறந்து பாருங்கள். கூகுள் பே, போன்பே, பேடிஎம் எல்லாவற்றிலும் உண்டு. 'முதல் மாதம் 1 ரூபாய்' என்று எப்போதோ தொட்ட சந்தாக்கள் அங்கேதான் உயிரோடு இருக்கும். மாதாமாதம் தானாக எடுக்கப்படும் தொகைக்கு, எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2021 அக்டோபரில் இருந்து கட்டாயமாக்கியிருக்கிறது. அந்த எஸ்எம்எஸ் உங்களுக்கும் வந்திருக்கும். விளம்பரம் என்று நினைத்துத் தள்ளியிருப்போம்.

ஓர் எச்சரிக்கை. ஆப்பை டெலிட் செய்தால் சந்தா நிற்காது. முதலில் அந்த ஓடிடியின் கணக்குப் பக்கத்தில் சந்தாவை ரத்து செய்யுங்கள், பிறகு யுபிஐ மேண்டேட்டையும் ரத்து செய்யுங்கள். இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

2. ஒரு வாரம், யார் எதைப் பார்க்கிறார்கள் என்று குறியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். வீட்டுப் பெரியவர்களைக் கேட்காமல் சேனலை வெட்டினால் அன்றைக்கு ராத்திரியே சண்டை வரும், மறுநாள் பழைய பேக்கே திரும்ப வந்துவிடும். நான் ஃபிரிட்ஜ் மேல் ஒரு தாள் ஒட்டினேன். பார்க்கும் சேனலை அவரவரே எழுத வேண்டும்.

ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் வீட்டில் பார்த்தது மொத்தம் பதினோரு சேனல். அப்பாவுக்கு நியூஸ், அம்மாவுக்கு மாலை ஆறரை முதல் ஒன்பதரை வரை இரண்டு சேனல்களில் சீரியல், ஞாயிற்றுக்கிழமை படம். மகள் டிவி பக்கமே வரவில்லை, எல்லாம் யூடியூப். படுக்கையறை டிவி அந்த வாரம் மொத்தமே இரண்டு மணி நேரம்தான் ஓடியது. அதற்கு மாதம் 240.

3. கேபிள் அல்லது டிடிஎச் பில்லை மூன்றாகப் பிரியுங்கள்

கேபிள்காரர் '320 ரூபாய்' என்று ஒரே தொகையாகச் சொல்வார். அதற்குள் மூன்று பகுதி இருக்கிறது. ஒன்று, சிக்னல் கொண்டுவரும் கட்டணம். இதை என்சிஎஃப் என்பார்கள். இரண்டு, கட்டணச் சேனல்களின் விலை. மூன்று, இவை இரண்டின் மேலும் 18 சதவீத ஜிஎஸ்டி.

என்சிஎஃப் 200 சேனல் வரை 130 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் முன்பு உச்சவரம்பு வைத்திருந்தது. 2024 ஜூலையில் அந்த வரம்பை எடுத்துவிட்டது. இப்போது நிறுவனமே தொகையை முடிவு செய்யலாம், ஆனால் அதை வெளிப்படையாக அறிவித்திருக்க வேண்டும். எனவே கேட்க வேண்டிய முதல் கேள்வி: "அண்ணே, என்சிஎஃப் எவ்வளவு, சேனலுக்கு எவ்வளவு, தனித்தனியாச் சொல்லுங்க." எங்கள் ஆபரேட்டர் இன்னும் 130தான் வாங்குகிறார்.

குறைக்க முடிவது இரண்டாவது பகுதியைத்தான். புதிய தலைமுறை, பாலிமர், மக்கள் டிவி போன்றவை இலவசச் சேனல்கள். என்சிஎஃப் கட்டினாலே வந்துவிடும். தூர்தர்ஷனின் கட்டாயச் சேனல்கள் அந்தப் பழைய 200 என்ற எண்ணிக்கையிலும் சேர்ந்ததில்லை. கட்டணச் சேனல்களை மட்டும்தான் நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இங்கே மூன்று பொறிகள் இருக்கின்றன.

முதலாவது, எச்டி. பழைய வரம்புக் கணக்கில் ஒரு எச்டி சேனல் இரண்டு சாதாரண சேனலுக்குச் சமமாக இருந்தது. ஒரே சேனலின் சாதாரண வடிவமும் எச்டி வடிவமும் உங்கள் பேக்கில் சேர்ந்தே இருக்கலாம். எங்கள் பேக்கில் மூன்று சேனல் அப்படி இருந்தது. இரண்டுக்கும் விலை கட்டிக்கொண்டிருந்தோம். 32 இன்ச் டிவியில் பத்தடி தள்ளி உட்கார்ந்து சீரியல் பார்க்க எச்டி வேண்டுமா என்று வீட்டில் ஒரு நாள் போட்டுக் காட்டினேன். அம்மாவுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அப்பா கிரிக்கெட்டுக்கு மட்டும் கேட்டார்.

இரண்டாவது, பொக்கே. ஒரு குழுமத்தின் சேனல்களைக் கட்டாகச் சேர்த்துத் தருவதுதான் பொக்கே. தனித்தனியாக எடுப்பதுதான் எப்போதும் மலிவு என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. சேனல் நிறுவனங்கள் பொக்கேயில் 45 சதவீதம் வரை தள்ளுபடி தரலாம். 19 ரூபாய்க்கு மேல் விலையுள்ள சேனலைப் பொக்கேயில் சேர்க்கவும் முடியாது. ஒரு குழுமத்தில் உங்களுக்கு ஒரே ஒரு சேனல் வேண்டுமென்றால் தனியாக எடுங்கள். மூன்று நான்கு வேண்டுமென்றால் பொக்கே விலையோடு கூட்டிப் பாருங்கள்; பெரும்பாலும் பொக்கேதான் குறைவாக வரும். ட்ராயின் 'சேனல் செலக்டர்' ஆப்பில் உங்கள் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து வேண்டிய சேனலைத் தொட்டால் மொத்தம் வரும். எல்லா கேபிள் நிறுவனமும் அதில் இருக்காது. இல்லையென்றால் விலைப்பட்டியலைக் கேட்டு வாங்கிக் காகிதத்தில் கூட்டுங்கள்.

மூன்றாவது, "பேக் எடுத்தாத்தாங்க சிஸ்டத்துல ஏறும்" என்ற பதில். எனக்கும் அதைத்தான் சொன்னார்கள். கட்டணச் சேனலைத் தனியாகக் கேட்டால் தனியாகவே தர வேண்டும் என்பது விதி. ஆனாலும் கேபிள்காரரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். மழையில் வயர் அறுந்தால் ஏணியோடு வருபவர் அவர்தான். வேண்டிய சேனல்களின் பெயரையும் எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். "அண்ணே, அடுத்த மாச ரீசார்ஜுல இதை மட்டும் போட்டுடுங்க" என்றால் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். வாயால் சொன்னால் மறந்துவிடுவார், பழைய பேக்கே ஏறிவிடும். மாற்றத்தை ரீசார்ஜ் முடிவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பு சொல்லுங்கள்.

நாங்கள் எடுத்தது ஒரு தமிழ் பொக்கேயும் தனியாக இரண்டு சேனலும், 62 ரூபாய். 130ஐக் கூட்டினால் 192. ஜிஎஸ்டி 34.56. மொத்தம் 226.56. பழையது 320.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். செட் டாப் பாக்ஸ் யார் பெயரில் இருக்கிறது? முன்பு குடியிருந்தவர் பெயரிலேயே பல வீடுகளில் ஓடுகிறது. புகார் செய்யும்போது "கணக்கு உங்க பேர்ல இல்லையே" என்று நிறுத்திவிடுவார்கள். உங்கள் பெயருக்கும் மொபைல் எண்ணுக்கும் மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலை. அரசு கேபிள் பாக்ஸ் என்றால் அது அரசு கேபிள் டிவி நிறுவனத்தின் சொத்து. இணைப்பை நிறுத்தும்போது திருப்பிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். வீட்டை மாற்றும்போது மூட்டையோடு கட்டி எடுத்துப் போய்விடாதீர்கள்.

4. இரண்டாவது டிவியின் கேபிளை நிறுத்துங்கள்

எங்களுக்கு மிக எளிதாகக் கிடைத்த மிச்சம் இது. படுக்கையறை டிவி ஸ்மார்ட் டிவி, வைஃபை இருக்கிறது. தமிழ் நியூஸ் சேனல்கள் பலவும் யூடியூபில் நேரலையாகவே ஓடுகின்றன. தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி 2024 நவம்பரில் 'வேவ்ஸ்' என்ற ஆப்பைக் கொண்டுவந்தது. டிடி தமிழ் உட்படப் பல நேரலைச் சேனல்கள் அதில் கிடைக்கும். அப்பா இப்போது காலை நியூஸை அந்த டிவியில் யூடியூபில்தான் பார்க்கிறார். அவருக்காக ரிமோட்டில் குரல் பட்டனை அழுத்திச் சேனல் பெயரைச் சொல்லப் பழக்கிவிட்டேன். இரண்டு நாளில் பிடித்துக்கொண்டார்.

டிவி பழையது என்றால் எச்டிஎம்ஐயில் செருகும் ஸ்டிக் ஒன்றைச் சில ஆயிரம் ரூபாயில் வாங்கலாம். மாதம் 240 மிச்சமானால் ஒன்றரை வருடத்துக்குள் அந்தப் பணம் திரும்பிவிடும்.

ஊரில் பூட்டியே கிடக்கும் வீடு, தாத்தா பாட்டி தனியாக இருக்கும் வீடு என்றால் டிடி ஃப்ரீ டிஷ்ஷை யோசியுங்கள். டிஷ்ஷும் பாக்ஸும் ஒருமுறை வாங்கினால் போதும், மாதக் கட்டணம் கிடையாது. ஆனால் அதில் தமிழ்ச் சேனல்கள் குறைவு. சீரியல் பார்க்கும் பாட்டிக்கு இது ஒத்துவராது. சிலமாதம் வெளியூர் போகிறீர்கள் என்றால் இணைப்பைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கும் வசதியும் உண்டு. 15 நாள் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கான கட்டணத்தை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

5. உங்களுக்கு எத்தனை எம்பிபிஎஸ் வேண்டும்?

"100 எம்பிபிஎஸ் இருந்தால்தான் படம் நிற்காது" என்று விற்பவர் சொல்வார். நெட்ஃபிளிக்ஸே சொல்லும் கணக்கு வேறு: முழு எச்டிக்கு 5 எம்பிபிஎஸ், 4கேவுக்கு 15. ஜூமில் பலர் சேர்ந்த வீடியோ வகுப்புக்கு, உயர் தரத்திலேயே, 4 எம்பிபிஎஸுக்குள் முடிந்துவிடும். ஹாலில் ஒரு எச்டி படம், படுக்கையறையில் யூடியூப் நியூஸ், மகளுக்கு ஆன்லைன் வகுப்பு, எனக்கு ஓர் ஆபீஸ் மீட்டிங்: எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினாலும் 20ஐத் தொடவில்லை. நாங்கள் 999 பிளானிலிருந்து 499 பிளானுக்கு, 40 எம்பிபிஎஸுக்கு வந்தோம். ஜிஎஸ்டியோடு 588.82. வீட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பெரிய வீடியோ கோப்புகளை ஏற்றி இறக்கும் வேலை உங்களுடையது என்றால் மட்டும் வேகத்தைக் குறைக்காதீர்கள்.

பிளானை மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். லேப்டாப்பை லேன் கேபிளால் ரூட்டரோடு நேராக இணைத்து வேகத்தைப் பாருங்கள். பிறகு அதே லேப்டாப்பில் வைஃபையில் பாருங்கள். கேபிளில் 95, வைஃபையில் 18 வந்தால் குறை பிளானில் இல்லை. எங்கள் ரூட்டர் ஷோகேஸ் உள்ளே, டிவிக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. அதை எடுத்து ஹாலுக்கும் அறைகளுக்கும் நடுவில், தலை உயரத்தில் மாட்டினேன். வைஃபையின் இரண்டு அலைவரிசைகளில் பக்கத்து அறைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ், ரூட்டர் இருக்கும் அறைக்கு 5 கிகாஹெர்ட்ஸ் என்று பிரித்தேன். சுவரைத் தாண்ட 2.4தான் நல்லது, கிட்டத்தில் வேகத்துக்கு 5. பத்துப் பைசா செலவில்லை. வேகம் போதவில்லை என்று பெரிய பிளானுக்குத் தாவியவர்கள் பலர் ரூட்டரைத்தான் முதலில் இடம் மாற்றியிருக்க வேண்டும்.

'அன்லிமிடெட்' என்ற சொல்லையும் நம்பிவிடாதீர்கள். பல பிளான்களில் மாதம் 3,300 ஜிபி என்று ஒரு வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் வேகம் விழும். சாதாரண வீடு அதைத் தொடாது. எங்களுக்கு மாதம் 400 ஜிபிகூட ஆவதில்லை. ஆனால் சின்ன நிறுவனங்களின் மலிவுப் பிளான்களில் வரம்பு மிகக் குறைவாக இருக்கலாம். கேட்டுவிட்டு எடுங்கள்.

6. முதலில் இருக்கும் நிறுவனத்திடமே குறைக்கச் சொல்லுங்கள்

அதே நிறுவனத்தில் சின்னப் பிளானுக்கு இறங்க முடிந்தால் அதுதான் நல்லது. புது வயர், புது டெபாசிட், பழையதை மூடும் அலைச்சல் எதுவும் இல்லை. வாடிக்கையாளர் சேவைக்குப் பேசி, "இந்தப் பிளான் எங்களுக்கு அதிகம், குறைக்கணும், இல்லைன்னா மூடிடுறோம்" என்று சொல்லுங்கள். சில பிளான்கள் ஆப்பில் காட்டாது, கேட்டால் மட்டும் வரும். எங்களிடம் மறுத்துவிட்டார்கள். அதனால்தான் மாற வேண்டியதாயிற்று.

மாறுவதென்றால் உங்கள் தெருவில் யார் யார் வயர் இருக்கிறது என்று பாருங்கள். பெரிய தனியார், பிஎஸ்என்எல், உள்ளூர் கேபிள்காரர் தரும் ஃபைபர் என்று மூன்று வகையும் பெரும்பாலான ஊர்களில் உண்டு. விளம்பரத்தைக் காட்டிலும் எதிர்வீட்டுக்காரரை நம்புங்கள்: "லைன் போனா எத்தனை நாள்ல வர்றாங்க?" இந்த ஒரு கேள்வி போதும்.

விலையை ஒப்பிடும்போது ஐந்தையும் கூட்டுங்கள்: மாத வாடகை, ஜிஎஸ்டி, இன்ஸ்டலேஷன், ரூட்டர் டெபாசிட், முன்பணம். '6 மாதம் கட்டினால் இன்ஸ்டலேஷன் இலவசம்' என்பது நல்ல சலுகைதான், ஆனால் ஆறு மாதம் அந்த வீட்டில் இருப்பீர்களா? வீடு மாறினால் புது முகவரிக்கு அவர்களுடைய லைன் இருக்குமா? இல்லையென்றால் கட்டிய பணம் என்னவாகும் என்பதை எழுத்தில் கேளுங்கள். முதல் தடவை ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டிப் பார்ப்பதுதான் என் பழக்கம்.

ஆவணங்கள்: ஆதார் அல்லது வேறு அடையாள அட்டை. வாடகை வீடென்றால் வாடகை ஒப்பந்தத்தின் நகல். ஆதாரில் பழைய முகவரி இருந்தால் ஒப்பந்தம் கட்டாயம் கேட்பார்கள். ஆதார் நகலில் 'பிராட்பேண்ட் இணைப்புக்கு மட்டும்' என்று எழுதித் தேதி போட்டுக் கொடுங்கள். வரும் ஆள் "ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க" என்பார். எஸ்எம்எஸை முழுக்கப் படியுங்கள். எந்தப் பிளான், எத்தனை மாதம் என்பது அந்த ஓடிபியால்தான் உறுதியாகிறது. நீங்கள் கேட்காத 12 மாதப் பிளான் அதில் இருந்தால் சொல்லாதீர்கள். அபார்ட்மென்ட் என்றால் வயர் இழுக்க அசோசியேஷன் அனுமதி வேண்டும். வீட்டு உரிமையாளரிடமும் முன்பே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், சுவரில் துளை போடுவார்கள்.

எங்களுக்கு விண்ணப்பித்த மூன்றாம் நாள் இணைப்பு வந்தது. புது இணைப்பு ஒரு வாரம் சரியாக ஓடிய பிறகுதான் பழையதை மூட வேண்டும். இரண்டுக்கும் ஒரு வாரம் சேர்த்துக் கட்டுவது வீண் இல்லை. பரீட்சை நேரத்தில் வீட்டில் நெட் இல்லாமல் இருப்பதைவிட அது மேல்.

7. பழைய இணைப்பை மூடுவது: இங்கேதான் பணம் போகும்

நான் தவறு செய்த இடம் இது. பணம் கட்டாமல் விட்டால் தானாகவே நின்றுவிடும் என்று நினைத்தேன். ப்ரீபெய்டு என்றால் நிற்கும். எங்களுடையது போஸ்ட்பெய்டு. இரண்டு மாத பில் ஏறியது, தாமதக் கட்டணம் சேர்ந்தது, பிறகு வக்கீல் நோட்டீஸ் வரும் என்று மெசேஜ். அத்தனையும் கட்டிய பிறகுதான் மூடும் விண்ணப்பத்தையே ஏற்றுக்கொண்டார்கள். உங்கள் இணைப்பு ப்ரீபெய்டா போஸ்ட்பெய்டா என்று இன்றே பாருங்கள்.

போஸ்ட்பெய்டு என்றால் பில் தேதியைக் கண்டுபிடியுங்கள். பில் ஒன்றாம் தேதி விழும் என்றால், மூடும் கோரிக்கை அதற்குப் பத்து நாள் முன்பே போய்ச் சேர வேண்டும். மூன்றாம் தேதி சொன்னால் அந்த மாதம் முழுவதற்கும் கேட்பார்கள்.

கோரிக்கையைப் போனில் மட்டும் சொல்லாதீர்கள். போனில் சொன்னால் "ஒரு மாதம் இலவசம் தர்றோம் சார், இருங்க" என்று பேச்சு திரும்பும், கோரிக்கை பதிவாகாது. பதிவு செய்த மின்னஞ்சலில் இருந்து நான்கே வரி எழுதுங்கள்: வாடிக்கையாளர் எண், முகவரி, எந்தத் தேதியில் மூட வேண்டும், டெபாசிட்டைத் திருப்பித் தர வேண்டிய வங்கிக் கணக்கு. பதிலில் ஒரு கோரிக்கை எண் வரும். அதுதான் உங்கள் ஆதாரம்.

பிறகு ரூட்டர். அதை எடுத்துப் போக ஆள் வருவார். கொடுப்பதற்கு முன் ரூட்டர், அடாப்டர், பின்பக்கம் உள்ள சீரியல் எண் மூன்றையும் படம் எடுங்கள். வந்தவரிடம் ரசீது கேளுங்கள். இல்லை என்றால் ஒரு வெள்ளைத் தாளில் 'இந்தச் சீரியல் எண் ரூட்டரைப் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். எங்களிடம் ரூட்டரை வாங்கிப் போன பிறகும், 'கருவி வரவில்லை' என்று சொல்லி 1,500 ரூபாய் டெபாசிட்டைப் பிடித்து வைத்தார்கள். ரசீது என்னிடம் இல்லை. அடாப்டரோடு எடுத்த ஒரே ஒரு படம்தான் கடைசியில் காப்பாற்றியது.

கடைசியாக, நிலுவை ஏதும் இல்லை என்ற மின்னஞ்சலைக் கேட்டு வாங்குங்கள். அந்த இணைப்போடு ஒரு லேண்ட்லைன் எண் இருந்து, அதை வங்கியிலோ கேஸ் ஏஜென்சியிலோ கொடுத்திருந்தால், மூடுவதற்கு முன்பே அங்கெல்லாம் மாற்றிவிடுங்கள். ஆட்டோபேயையும் ரத்து செய்ய மறக்காதீர்கள், ஆனால் கடைசி பில்லைக் கட்டிய பிறகு.

8. ஓடிடி: ஒரு நேரத்தில் ஒன்று

பிராட்பேண்ட் பிளானோடு '20 ஓடிடி இலவசம்' என்று வரும். அந்தப் பிளானுக்கும் ஓடிடி இல்லாத பிளானுக்கும் உள்ள வித்தியாசம்தான் அவற்றின் உண்மையான விலை. உங்கள் வீட்டில் உண்மையில் பார்க்கும் ஓடிடிகள் அந்த இருபதில் எத்தனை என்று எண்ணுங்கள். எங்களுக்கு ஒன்றுதான் தேறியது.

இப்போது வீட்டில் ஒரு நேரத்தில் ஒரே ஓடிடிதான். இரண்டு மாதம் இது, பிறகு நிறுத்திவிட்டு இன்னொன்று. வருடம் முழுக்கப் பார்ப்பது எது என்று தெரிந்தால் அதற்கு மட்டும் வருடச் சந்தா. அமேசான் பிரைமை மாதம் 299 என்று பன்னிரண்டு மாதம் கட்டினால் 3,588. வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினால் 1,499. இந்த வித்தியாசம் தெரியாமல் நாங்கள் மாதாமாதம் கட்டினோம்.

டெலிகிராமில் '300 ரூபாய்க்கு எல்லா ஓடிடியும், எல்லாச் சேனலும்' என்று ஒரு ஆப் லிங்க் சுற்றும். தொடவே தொடாதீர்கள். அது திருட்டு ஒளிபரப்பு. அதோடு, ப்ளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து இறக்கும் அந்த ஆப், நீங்கள் யுபிஐ வைத்திருக்கும் அதே போனில் உட்காருகிறது.

9. பணம் திரும்பி வரவில்லை என்றால்

ட்ராயில் தனிநபர் புகார் கொடுக்க முடியாது. அங்கே எழுதி நான் இரண்டு வாரம் இழந்தேன். பிராட்பேண்டுக்கு முதலில் நிறுவனத்தின் புகார் மையம். அங்கே ஒரு புகார் எண் தர வேண்டும். பதில் சரியில்லை என்றால் 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். கட்டணம் கிடையாது. அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அவருடைய மின்னஞ்சல் நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும், அடியில் சின்ன எழுத்தில். கேபிள், டிடிஎச்சுக்கு வாடிக்கையாளர் மையத்துக்கு அடுத்து, மேல்கட்டப் புகாரைக் கவனிக்கும் நோடல் அதிகாரி.

அதற்கும் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். கடைசி வழி மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை.

எங்கே எழுதினாலும் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. மூடச் சொன்ன தேதி, கோரிக்கை எண், ரூட்டர் கொடுத்த தேதி, படம், வர வேண்டிய தொகை, இவை மட்டும். என் முதல் கடிதம் மூன்று பக்கம், கோபம் நிறைய, பதிலே வரவில்லை. மேல்முறையீட்டுக்கு எட்டு வரியும் ரூட்டர் படமும் அனுப்பினேன். பதினேழாம் நாள் 1,500 ரூபாய் கணக்கில் ஏறியது.